ரெய்னியர் மலை லூபினும் தண்டையார்பேட்டை மொட்டைமாடியும்

கேள்வி: என் மகள் சியாட்டிலில் வேலை பார்க்கிறாள். போன ஆகஸ்ட்டில் ரெய்னியர் மலையில் பாரடைஸ் என்ற இடத்துக்குப் போனபோது, புல்வெளி முழுக்க நீலமாகப் பூத்திருந்த ஒரு செடியைப் படம் எடுத்து அனுப்பினாள். முழங்கால் உயரம்தான் இருக்குமாம். கடையில் ‘மவுண்டன் லூபின்’ என்று விதைப் பாக்கெட் விற்கிறதாம், மார்கழியில் வரும்போது வாங்கி வரட்டுமா என்கிறாள். இது என்ன செடி? தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் வளருமா?

பதில்:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வளராது. முளைக்கும், அரை அடி வரும், உங்களுக்கு ஆசை காட்டும், மாசி வெயிலில் போய்விடும். நான் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று தடவை போட்டுப் பார்த்தவன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் செடி எது என்று பார்ப்போம், அதுதான் சுவையான பகுதி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லூபின் என்பதில் சந்தேகமே வேண்டாம். இலை ஒன்றே போதும். காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து ஏழெட்டுச் சிற்றிலைகள் குடைக்கம்பி போல விரிகின்றன. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற நொச்சி இலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றோ ஐந்தோ சிற்றிலை இருக்கும், இதில் இன்னும் கூட, வட்டமாக. விடிகாலையில் அந்த வட்டத்தின் நடுவில் ஒரு சொட்டுப் பனிநீர் முத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். மகளிடம் கேளுங்கள், காலையில் போயிருந்தால் பார்த்திருப்பாள். பூ நம் அவரைப் பூ, கொழுஞ்சிப் பூ ஜாதி. அல்லி என்றால் பூவிதழ். பின்னால் நிமிர்ந்து நிற்கிற கொடியல்லி, இரண்டு பக்கமும் சிறகல்லி, உள்ளே மறைந்திருக்கும் படகல்லி.

சரி, லூபினில் எந்த லூபின்? இங்கேதான் சிக்கல். லூபினஸ் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒரு டஜன் அளவுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்தில் இருக்கின்றன. மீதியில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலும். பக்கத்துப் பக்கத்தில் வளரும் இனங்கள் கலந்து கலப்புச் செடிகளும் உண்டாகும். அதனால் அங்கேயே பழம் தின்று கொட்டை போட்ட தாவரவியலாளர்களும் சில செடிகளைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். ‘மவுண்டன் லூபின்’ என்பதும் ஒரு தனி இனத்தின் பெயர் இல்லை. மலையில் வளர்கிற எந்த லூபினையும் அப்படிச் சொல்லிவிடுவார்கள், நாம் ‘கீரை’ என்று சொல்வது மாதிரி.

நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலானவை நீலம் அல்லது ஊதாதான், ஒரே இனத்தில் வெள்ளையும் வரும். நான் முதலில் பார்ப்பது இடத்தையும் உயரத்தையும். பாரடைஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,400 அடி. ஈரமான மலைப் புல்வெளி, ஆகஸ்ட் மாதம், முழங்கால் உயரம், சிற்றிலை ஏழெட்டு, இலைகள் தண்டு நெடுகிலும் இருக்கின்றன, கொடியல்லியின் முதுகு வழவழப்பாகத் தெரிகிறது. இவ்வளவும் சேர்ந்தால் பத்துக்கு ஒன்பது பங்கு அது அகல இலை லூபின், அதாவது லூபினஸ் லாட்டிஃபோலியஸ். அதிலும் உயர்மலைப் புல்வெளிக்குரிய வகை. இந்த வகையைச் சிலர் வடதுருவ லூபினான ஆர்க்டிகஸின் கீழே வைக்கிறார்கள், நூலுக்கு நூல் மாறும். அந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம்.

அதே மலையில் இன்னும் மேலே ஏறினால், மரமெல்லாம் நின்றுபோன பிறகு, சரளையிலும் எரிமலை நுரைக்கல் தூளிலும் ஒரு குட்டி லூபின் தரையோடு தரையாகப் பாய் விரித்திருக்கும். உடம்பெல்லாம் வெள்ளி முடி, பூங்கொத்து கட்டைவிரல் நீளம். அது லெபிடஸ் இனத்தின் உயர்மலை வகை. மலையின் கிழக்கே, மழை குறைந்த காய்ந்த சரிவுகளில் செரிசியஸ் என்ற பட்டு லூபின். அதன் கொடியல்லியின் முதுகிலும் முடி இருக்கும், அதுதான் அடையாளம். கீழே சாலையோரத்து ஈரத்தில் இடுப்பளவுக்கு மேல் நின்று, ஓர் இலையில் பத்து, பதினைந்து சிற்றிலை காட்டினால் அது பாலிஃபில்லஸ். ஆக, முகத்தைப் படம் எடுத்தால் போதாது. பூவின் முதுகு, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், அடித்தண்டு, முடிந்தால் முடி போர்த்திய காய், இவற்றையும் எடுக்க வேண்டும். உங்கள் மகள் எடுத்த படத்தில் ஒரு பூ பக்கவாட்டில் திரும்பியிருந்ததால் நான் பிழைத்தேன்.

படத்தின் ஓரத்தில் சிவப்பாகத் தெரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காஸ்டில்லேயா. சிவப்பாக இருப்பது பூவிதழ் இல்லை, நம் காகிதப்பூவில் போல நிறம் மாறிய இலைகள். அது ஓர் அரைகுறை ஒட்டுண்ணி. மண்ணுக்கடியில் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சும். பக்கத்துச் செடி லூபினாக இருந்தால் அதன் கசப்பு நஞ்சையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பூச்சிகள் அதை விட்டு விலகும். அடுத்த வீட்டுக் காவல்காரனை நம் வீட்டுக்கும் காவல் நிற்க வைப்பது மாதிரி.

லூபின் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குக் கொடுக்கிற கூலி மகரந்தம் மட்டும்தான். அதையும் அள்ளிக் கொடுக்காது. தேனீ சிறகல்லி மேல் உட்கார்ந்து அழுத்தினால், படகல்லியின் நுனித் துளை வழியாகக் கொஞ்சம் மகரந்தம் பிதுங்கி வரும். முறுக்கு அச்சில் மாவு பிழிகிறோமே, அதே வேலை. அப்புறம் கொடியல்லியின் நடுவில் ஒரு வெளிறிய பொட்டு இருக்கிறதா? பூ வயதானதும் அந்தப் பொட்டு ஊதாச் சிவப்பாக மாறிவிடும். ‘இங்கே சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று தேனீக்கு அறிவிப்பு. உங்கள் படத்திலேயே மேல்பக்கத்துப் பூக்களில் வெள்ளைப் பொட்டும் கீழ்ப்பக்கத்துப் பூக்களில் ஊதாப் பொட்டும் தெரிகின்றன. கொத்து கீழிருந்து மேலாகப் பூப்பதால் இந்த வரிசை.

இனி பாக்கெட். கடையில் விற்பது படத்தில் இருப்பதாக இருக்க வாய்ப்பு குறைவு. விதைப் பாக்கெட்டில் பெரும்பாலும் வருவது பாலிஃபில்லஸ், அல்லது அதிலிருந்து வந்த தோட்டக் கலப்பினங்கள். 1820-களில் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாலிஃபில்லஸை வட அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு யார்க் நகரத்துத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் வருஷக்கணக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்து, 1937-இல் பல நிறக் கொத்துகளாகக் காட்டினார். இன்று ‘லூபின்’ என்று உலகம் முழுக்கத் தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் அவர் கைவண்ணம். பாக்கெட் மேல் என்ன படம் போட்டிருந்தாலும் பின்பக்கத்தில் லத்தீன் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொண்டுவருவது பற்றி நேராகவே சொல்கிறேன், வேண்டாம். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை சொல்கிறது. ஒரு பாக்கெட்தானே என்று பெட்டியில் துணிக்கு நடுவே வைப்பது வழக்கம்தான், ஆனாலும் தப்பு தப்புதான். மலையிலேயே காயைப் பறித்துக்கொள்ளலாமே என்று தோன்றினால், ரெய்னியர் தேசியப் பூங்கா, அங்கே அதுவும் கூடாது. ஆசை அடங்கவில்லை என்றால் இந்தியாவிலேயே இணையத்தில் லூபின் விதை கிடைக்கிறது. நான் வாங்கியதும் அப்படித்தான்.

இப்போது என் கதை. முதல் தடவை ஆனி மாதத்தில் விதையை அப்படியே சட்டியில் ஊன்றினேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. லூபின் விதையின் தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே போகாது. இரண்டாம் தடவை, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் இளகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அடுப்பிலிருந்து இறக்காமலே போட்டேன். முளைக்கவில்லை, சுண்டலாகிவிட்டது. மூன்றாம் தடவைதான் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும், உள்ளே வெளிறிய நிறம் தெரிகிற வரை தேய்த்தேன். முளை வருகிற தழும்புப் பக்கத்தை விட்டுவிட்டு அதற்கு எதிர்ப்பக்கம். ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்ததும் இரண்டு மடங்காக ஊதியது. பிறகு ஈர மணலில் கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கிற அறையில் ஐந்து வாரம் வைத்தேன். ஃப்ரீசரில் இல்லை. வீட்டில் அதைப் பார்த்து ‘என்ன இது, அழுகின மொச்சையா’ என்று தூக்கிப்போடப் பார்த்தார்கள், அது தனிக்கதை. தோட்டத்துக் கலப்பினத்துக்கு இந்தக் குளிர் கட்டாயம் இல்லை. மலை இனங்கள் பலவற்றுக்கு இது தேவை, பனியில் கிடந்து எழுந்தோம் என்று விதை நம்ப வேண்டும்.

கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு ஊன்றினேன். 20-இல் 11 முளைத்தன. தடித்த இரண்டு வித்திலைகள், நடுவிலிருந்து உள்ளங்கை விரித்த மாதிரி முதல் இலை. அன்று தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். தை மாதம் வரை நன்றாக வந்தன. நான்கு மட்டும் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்தன, நாற்றழுகல். மாசியில் மீதி எல்லாம் வெளுத்தன, நரம்பு மட்டும் பச்சை. பங்குனி பிறந்தபோது சட்டி மட்டும் இருந்தது. பூ? மொட்டுகூட வரவில்லை.

ஏன் என்று பிறகு நிதானமாக யோசித்தேன். வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டிவிடலாம். ராத்திரிக்கு என்ன செய்வது? நம் ஊரில் மார்கழி ராத்திரியிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது, சித்திரையில் சிமென்ட் தளம் விடிய விடியச் சூட்டைக் கக்குகிறது. குளிர்மலைச் செடி பகலில் சமைத்ததை ராத்திரிச் சூட்டில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். சேமிப்பே இல்லாத குடித்தனம். அதோடு இந்தச் செடிக்கு ஓய்வு வேண்டும். பாரடைஸில் ஒரு வருஷத்தில் சராசரியாக 15 மீட்டருக்கும் மேல் பனி கொட்டுகிறது, ஜூலையில்தான் தரை தெரியும். செடி மேலே முழுக்கக் கருகி, வேர்க்கட்டை மட்டும் பனிப்போர்வைக்கு அடியில் பாதி வருஷத்துக்கு மேல் தூங்கும். அந்தத் தூக்கத்தை நாம் எங்கே வாங்குவது? ஊட்டி பாரடைஸைவிட உயரம், 7,000 அடிக்கும் மேலே, ஆனால் அங்கேயும் அந்தப் பனி கிடையாது. உயரம் மட்டும் போதாது, அந்த மலை 47 டிகிரி வடக்கில் இருக்கிறது.

மூன்றாவது காரணம் தண்ணீர். இது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை பழசு. எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளைப் படிவம் நிற்கும். லூபினுக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் பிடிக்கும். சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்த தண்ணீர் ஊற்றினால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை வெளுத்தது அதனால்தான். மறுபடி போடுவதாக இருந்தால் மழைநீரைக் கேனில் பிடித்து வைப்பேன், இல்லையென்றால் ஏசி சொட்டுகிற தண்ணீர். அதில் உப்பே இருக்காது. ஆர்ஓ கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். லூபினுக்கு அது விஷம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ‘முளைப்பதையாவது பார்க்கிறேன்’ என்றால் தடுக்க மாட்டேன், எனக்கே அந்த ஆசை இருந்தது. அகலச் சட்டி வேண்டாம். ஆணிவேர் நேராக இறங்கும், தொட்டுப் பிடுங்கி மாற்றி நட்டால் செத்துவிடும். ஒன்றரை அடி நீளத்துக்கு நான்கு அங்குல பிவிசி குழாயை வெட்டி நிறுத்தி, அடியில் வலை கட்டி, செம்மண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி போட்டு, முதலிலிருந்தே அதில் ஊன்றுங்கள். எருவும் யூரியாவும் வேண்டாம். லூபின் தன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலிருந்தே தழைச்சத்து எடுக்கிற செடி. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18-இல் வெடித்தபோது, மலையின் வடபக்கம் முழுக்க வெறும் கல்தூளானது. அந்த மைதானத்தில் முதலில் வந்து குடியேறிய செடி நான் மேலே சொன்ன குட்டி லெபிடஸ்தான். உங்கள் மகள் இருக்கிற ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம், ஒருநாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்டீரியா சரியான ஜாதியாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு தலைவலி, நம் சட்டி மண்ணில் அது இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

விதை பழசானால் முளைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில வருஷம் தாங்கும், தோல் அவ்வளவு கெட்டி. ஆனால் 10,000 வருஷப் பழைய லூபின் விதை முளைத்ததாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். கனடாவின் யூகான் பகுதியில் 1954-இல் உறைமண்ணில் கிடைத்த வடதுருவ லூபின் விதைகள் அவை. 1967-இல் ஆய்வாளர்கள் அப்படி எழுதியது உண்மை. 2009-இல் கார்பன் காலக்கணிப்பு செய்து பார்த்தபோது விதைகள் புதுசு, பழைய எலி வளையில் பின்னால் வந்து விழுந்தவை என்று தெரிந்தது.

குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் எச்சரிக்கை. விதை மொச்சை மாதிரி இருக்கும், வாயில் போடக்கூடாது. லூபனின், ஸ்பார்ட்டீன் என்று நரம்பைத் தாக்கும் நஞ்சுகள் உண்டு. அமெரிக்க மலை மேய்ச்சலில், கருத்தரித்து 40-ஆம் நாளிலிருந்து 70-ஆம் நாள் வரை மாடு சில வகை லூபின்களைத் தின்றால் கன்று கால் வளைந்து பிறக்கும். ஆண்டீஸில் சமையலுக்கென்றே ஒரு லூபினை வளர்க்கிறார்கள். அதையும் வேகவைத்து நாள்கணக்காகத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பைப் போக்கிய பிறகுதான் சாப்பிடுவார்கள்.

இன்னொன்று. ‘இங்கே வளராவிட்டால் என்ன, ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தூவிவிடலாம்’ என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். லூபினின் நெருங்கிய உறவான ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் நீலகிரிக்கு அழகுக்காக வந்து, புல்வெளியைத் தின்று நிற்கின்றன. ஐஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் லூபினே அந்த வேலையைச் செய்கிறது.

சரி, மாடி காலியாகவா இருக்க வேண்டும்? இல்லை. லூபினின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி நம் ஊரிலேயே இருக்கிறாள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிலுகிலுப்பை. எண்ணூர் பக்கம் மணல் தரையிலும், ரயில் பாதையோரத்துக் காலி மனைகளிலும் மழைக்குப் பிறகு பாருங்கள். மஞ்சள் பூக்கொத்து நிமிர்ந்து நின்றால் க்ரோட்டலேரியா ரெட்யூசா. இலை நுனி உள்வாங்கி இருக்கும், கொடியல்லியில் செந்நிறக் கோடுகள். உங்களுக்கு வேண்டியது நீலம், அதற்கு இன்னொரு கிலுகிலுப்பை, க்ரோட்டலேரியா வெருகோசா இருக்கிறாள். நாற்கோணத் தண்டு கோணல்மாணலாக வளரும், அகல இலை, வெளிர்நீலத்தில் ஊதா கலந்த பூ. ரெய்னியர் நீலத்தின் அடர்த்தி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே மூன்று வகை அல்லி, அதே வேர் முடிச்சு, அதே முறுக்கு அச்சு. சிறகல்லியை விரலால் மெல்லக் கீழே அழுத்திப் பாருங்கள், படகின் நுனியில் மகரந்தம் பிதுங்கும். அங்கே பருத்த பம்பிள் தேனீ செய்வதை இங்கே கருநீல இறக்கையுள்ள தச்சன் தேனீ செய்யும். செடியில் இருக்கிற நஞ்சைத் தேடி நீலப்புலி வண்ணத்துப்பூச்சிகள் காய்ந்த தண்டில்கூட வந்து மொய்க்கும். நஞ்சு என்றதால் விதையை வாயில் வைக்கக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

போர் தண்ணீருக்கு முகம் சுளிக்காது. பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு மணல் கலந்த மண் போதும். புரட்டாசியில் ஊன்றினால் மகள் வருகிற மார்கழியில் பூத்திருக்கும். விதைக்கு நர்சரியைத் தேட வேண்டாம், காலி மனையில் காய் காய்கிற வரை காத்திருங்கள். பச்சையாகப் பறித்தால் பிரயோஜனம் இல்லை. காய் காய்ந்து நிறம் மாறி, ஆட்டினால் உள்ளே கிலுகிலு என்று சத்தம் வர வேண்டும். அதே உப்புத்தாளில் இரண்டு இழுப்பு, ஒரு ராத்திரி தண்ணீரில். ஃபிரிட்ஜ் வேண்டாம்.